சோலையப்பனுக்கு வந்த சாளேசரம்

வளைகுடாவில், முசஃபா என்ற இடத்தில் ஒரு பட்டறை. அங்கே செய்வது மின்சாரப் பெட்டிகள்; பீரோ உயரத்தில், சாம்பல் நிறத்தில், கதவு வைத்த பெட்டிகள். பேனல் என்பார்கள். கதவைத் திறந்தால் உள்ளே நூற்றுக்கணக்கில் வயர்கள், வகிடெடுத்துப் படிய வாரிய தலைமுடி மாதிரி இறங்கியிருக்கும். அப்படி வாரிவிடுவதில் பட்டறையிலேயே கைதேர்ந்தவர் சோலையப்பன். பதினான்கு வருட சர்வீஸ். பேனலை எடுத்துப் போக வருகிறவர்கள் அவர் வேலையைப் பார்த்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அந்தப் போட்டோவில் தானும் நின்றால் என்ன என்று அவருக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

ஊர் முதுகுளத்தூர் பக்கம். பரமக்குடியில் ஐடிஐ படித்தவர். தன் கையைப் பற்றிப் பெருமை பேசாத மனிதருக்குத் தன் கண்ணைப் பற்றி மட்டும் கொள்ளைப் பெருமை. காலையில் தொழிலாளர்கள் தங்குகிற கேம்ப் வாசலில் நின்றபடியே, அரைக் கிலோமீட்டர் தள்ளி சிக்னலில் திரும்புகிற பஸ் எந்தக் கம்பெனியுடையது, என்ன நம்பர் என்று சொல்லிவிடுவார். பஸ் எப்படியும் பக்கத்தில் வந்து நிற்கத்தான் போகிறது, அதற்குள் எதற்கு இந்த வித்தை என்று யாரும் கேட்டதில்லை. பாவம், அவருடைய சந்தோஷத்தைக் கெடுப்பானேன்.

பேனலில் ஒவ்வொரு வயர் நுனியிலும் எண் அச்சடித்த ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். அதற்கு ஃபெரூல் என்று பெயர். வளையமே பச்சரிசியை விடக் கொஞ்சம்தான் பெரிது. அதன் மேல் இருக்கிற எண் எறும்பு அளவு. அந்த எண்ணைப் பார்த்து, வயரிங் படம் சொல்கிறபடி வயரை அதற்குரிய இடத்தில் மாட்டினால்தான் பேனல் பேனலாக இருக்கும். இல்லாவிட்டால் வெறும் இரும்புப் பெட்டி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த எறும்புகள் கலைய ஆரம்பித்தன.

முதலில் அச்சு மெஷினில் மை தீர்ந்துவிட்டது என்று நினைத்தார். ஸ்டோரில் போய்ச் சண்டையும் போட்டார். அடுத்து டியூப் லைட்டைக் குறை சொன்னார். பெஞ்சுக்கு மேலே புது லைட் போட்டுக் கொடுத்தார்கள். எறும்புகள் அப்போதும் நிற்கவில்லை. வயரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் எண் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் நன்றாகவே தெரிந்தது. நாளாக ஆக, தள்ளிப் பிடிக்கக் கை நீளம் போதவில்லை.

மற்றவராக இருந்தால் நேரே போய் ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டிருப்பார். சோலையப்பனால் முடியவில்லை. கேம்பில் ஒரு பேச்சு உண்டு: ‘கண்ணு போச்சுன்னா டிக்கெட்டு.’ எப்போதோ, எந்தக் கம்பெனியிலோ, யாரோ ஒருவர் கண்ணாடி போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போனாராம், அடுத்த வாரமே ஊருக்கு ஏற்றிவிட்டார்களாம். அந்த மனிதரைப் பார்த்தவர் ஒருவர் கூட இல்லை. ஆனாலும் நாற்பதை ஒட்டிய ஆட்கள் எல்லாரும் அந்தக் கதையை நம்பினார்கள். நம்பினதோடு நிற்காமல், அவரவர் திருட்டு வித்தை ஒன்றையும் வைத்திருந்தார்கள்.

சோலையப்பனின் வித்தை மனப்பாடம். முதல் நாள் சாயங்காலமே படத்தைப் பெரிய தாளில் அச்சடித்து வாங்கி, எந்த வயர் எங்கே என்று நெட்டுருப் போட்டுவிடுவார். மறுநாள் வயர்களை வரிசை கலையாமல் எடுத்து, எண்ணைப் பார்க்காமலே மாட்டுவார். சந்தேகம் வந்தால் பக்கத்து பெஞ்சு உடையப்பனைக் கூப்பிடுவார்.

“பங்காளி, கண்ணுல தூசி விழுந்துருச்சு. இது என்ன நம்பரு, பாத்துச் சொல்லு.”

உடையப்பன் ஊரால் பங்காளி, ரூமால் பக்கத்துக் கட்டில். இரண்டு வருடமாக ஒரே கண்ணில் ஒரே தூசி விழுந்துகொண்டிருப்பதை அவர் கவனிக்காமல் இல்லை. கேட்டால் தன் வண்டவாளமும் வெளியே வருமே என்று பேசாமல், எண்ணைத் தன் மொபைலில் பிடித்துப் பெரிதாக்கி வாசித்துச் சொல்லிவிடுவார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த வண்டி போன மாதம் தடுக்கியது. அறுபத்தாறு போகவேண்டிய இடத்தில் அறுபத்தெட்டு போய்விட்டது. சோதனையில் பேனல் படக்கென்று அணைந்தது. ஒன்றும் எரியவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை; ஐந்து நிமிடத்தில் மாற்றிப் போட்டாயிற்று. ஆனால் சோதனைத் தாளில் சோலையப்பன் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு வட்டம் விழுந்தது. பதினான்கு வருடத்தில் முதல் வட்டம். அன்றைக்கு மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரமே பட்டறைச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். புதிதாக ஒரு பெரிய ஆர்டர் வருகிறது, பெஞ்சில் உட்காருகிற எல்லாருக்கும் கண் பரிசோதனை, தகுதிச் சீட்டு இருந்தால்தான் வேலை. இது வாடிக்கைக்காரர் கேட்ட நிபந்தனை. அந்த வட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதைச் சோலையப்பனிடம் யார் சொல்வது? தன்னைப் பிடிக்கத்தான் இந்த வலை என்று முடிவு கட்டிவிட்டார். அது போதாதென்று ஃபோர்மேன் ஐயப்பன் வந்து தோளில் தட்டி, “புது ஆர்டர்ல நீங்கதான் எட்டுப் பேருக்கு லீடு. சீட்டு வாங்கிட்டு வந்துருங்க, அண்ணே” என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

முதல் நாளே பரிசோதனைக்கு முறை குறிக்கப் போன உடையப்பன், பங்காளி என்ற பாசத்தில் ஒரு காரியம் செய்தார். கிளினிக் சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையைக் கள்ளத்தனமாக மொபைலில் பிடித்து அனுப்பினார். சோலையப்பனுக்கு அது போதாதா? பேனல் படத்தையே நெட்டுருப் போட்டவர். ஏழு வரி எழுத்தையும் முன்னும் பின்னும் தலைகீழாகவும் ஒப்பிக்கிற அளவுக்குத் தேறிவிட்டார். பஸ்ஸில், குளியலறையில், சாப்பாட்டு வரிசையில் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற பங்களாதேஷ் ஆள் ஒருவர், ஏதோ பிரார்த்தனை என்று மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

கிளினிக்கில் கண் பார்க்கிறவர் ஒரு பெண். நாற்பத்தைந்து இருக்கும். முக்காடு, மூக்கு நுனியில் கண்ணாடி, மேசை மேல் ஃபிளாஸ்க். கோட்டில் ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் என்று பெயர் குத்தியிருந்தது. அந்தப் பெயரைச் சோலையப்பன் வாசல்படியில் நின்றே வாசித்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்ததும் அது கலைந்துபோயிற்று.

“எந்த ஊருண்ணே?”

“முதுகுளத்தூர் பக்கம், டாக்டரம்மா.”

“அட, நான் கீழக்கரை. நான் டாக்டர் எல்லாம் இல்லண்ணே, கண்ண அளந்து பாக்குறவ. சரி, அங்கன தெரியிறத மேல இருந்து வாசிங்க.”

போட்டோவில் இருந்த பலகை அங்கே இல்லை. அதன் இடத்தில் ஒரு திரை. திரையில் வேறு எழுத்துகள். ஆறு மீட்டர் தூரத்தில் இருந்த அந்த எழுத்துகள் சோலையப்பனுக்குக் கடைசி வரி வரை கண்ணாடி போலத் தெரிந்தன. அவருக்குத் தூரத்துப் பார்வையில் எந்தக் காலத்திலும் குறை இருந்ததில்லை. ஆனால் பத்து நாளாகப் பழகிய வாய் கேட்டால்தானே? கண் ஒன்றைப் பார்க்க, வாய் பழைய பலகையை மளமளவென்று ஒப்பித்துவிட்டது.

அந்தம்மா திரையைத் திரும்பிப் பார்த்தார். சோலையப்பனைப் பார்த்தார்.

“அண்ணே, இதுல ஒரு எழுத்து கூட அங்க இல்லையே?”

சோலையப்பன் திரையை இன்னொரு தரம் பார்த்தார்.

“மனப்பாடமா?” என்றார் ஃபிர்தௌஸ். கோபம் இல்லை, சிரிப்பை அடக்குகிற குரல். “பத்து நாளைக்கு முன்னால ஒருத்தவுக சுவத்தப் போட்டோ எடுத்ததப் பாத்தேன். அதான் பலகைய எடுத்துட்டுத் திரைய மாட்டுனேன். சரி, இப்பக் கண்ணுல தெரியிறத மட்டும் வாசிங்க.”

வாசித்தார். கடைசி வரி வரைக்கும் ஒரு பிசகு இல்லை. “எட்டு மைல் தூரம் தெரியும் போலயே! இதுக்கா மனப்பாடம் பண்ணுனீக?” என்று கேட்டபடியே அந்தம்மா மேசையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கையில் கொடுத்தார். தமிழில், மலையாளத்தில், இந்தியில், உருதுவில் பத்தி பத்தியாக அச்சடித்த அட்டை. மேலே பெரிய எழுத்து, போகப் போகப் பொடி எழுத்து.

சோலையப்பனுக்கு மூக்கில் வியர்த்தது. அட்டையை மடியில் வைத்தார். தள்ளிப் பிடித்தார். நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். முழங்கை நேராகி, தோளும் முன்னால் போய், இனி நீட்ட உடம்பில் மிச்சமில்லை என்ற கட்டத்தில் இரண்டாவது பத்தி தெரிந்தது. மூன்றாவது தெரியவில்லை. அட்டையை மேசை மேல் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு வருட ரகசியம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

“எவ்வளவு நாளா இப்படி?”

“ரெண்டு வருசம்.” என்றார் சோலையப்பன். “ரிப்போர்ட்ல எழுதிராதீக, டாக்டரம்மா. பெஞ்ச விட்டு எறக்கிருவாக. இந்த ஒரு வேலைதான் எனக்குத் தெரியும்.”

“எதுக்குண்ணே இப்படிப் பயப்படுறீக? நம்ம ஊர்ல வெள்ளெழுத்துனு சொல்லுவாகளே, அதுதான் இது. எழுத்தெல்லாம் வெளுத்துத் தெரியுதுல்ல, அதனால அந்தப் பேரு. எங்க உம்மா இதச் சாளேசரம்னு சொல்லுவாக.”

சோலையப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாளேசரம் என்ற சொல்லை அவர் சின்ன வயதில் கேட்டிருக்கிறார். ஊரில் ஒரு டெய்லர் இருந்தார். ‘அவருக்குச் சாளேசரம் வந்துருச்சு’ என்று ஒருநாள் பேசிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் கடை பூட்டிக் கிடந்தது. அவர் மகனோடு மதுரைக்குக் குடிபோய்விட்டதைச் சோலையப்பனிடம் யாரும் சொல்லவில்லை. ஏதோ சிவன் கோயில் பெயர் மாதிரி ஒலிக்கிற இந்த நோய் வந்தால் ஆள் அவ்வளவுதான் என்று அன்றைக்கு மனதில் பதிந்தது, முப்பது வருடமாக அப்படியே கிடந்தது.

“அது பெரிய வியாதியில்ல, டாக்டரம்மா?”

“இந்தியில சாலீஸ்னா என்னண்ணே?”

“நாப்பது.” யோசிக்காமல் வந்தது பதில். ஸ்டோரில் வயர் அளந்து கொடுக்கிற, உருது பேசுகிற பட்டாணி பாய் தினமும் நாலு தரம் ‘சாலீஸ் மீட்டர், யல்லா, லே ஜாவ்’ என்று சீக்கிரம் எடுத்துப் போகச் சொல்லிக் கத்துவார். பதினான்கு வருடமாகக் காதில் விழுகிற எண்.

“அம்புட்டுதான். அந்தச் சாலீஸுல இருந்து வந்ததுதான் சாளேசரம். நாப்பதுல வாரது. முன்னால உக்காந்திருக்கிற பூனாக்காரப் பொண்ணு இதையே சாளீசினு சொல்லும். தெலுங்குக்காரவுக சத்வாரம்னு சொல்லுவாக, அதுவும் நாப்பதுக்கான சம்ஸ்கிருதச் சொல்லுல இருந்து வந்ததுதான். நாங்க படிக்கையில எங்க வாத்தியார் சொல்லிக் குடுத்தாரு. கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸு வயசானா வெறச்சுப் போகும், கிட்டத்துல உள்ளதுக்கு வளைஞ்சு குடுக்காது. எல்லாருக்கும் வரும். எனக்கும் வந்துச்சு, இந்தா பாருங்க” என்று மூக்குக் கண்ணாடியைத் தட்டிக் காட்டினார்.

இரண்டு வருடமாகச் சோலையப்பன் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது ஒரு எண்ணா? பட்டாணி பாய் வயரோடு சேர்த்துத் தினமும் அளந்து கொடுத்த எண்ணா? அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. இரண்டும் ஒன்றாக வந்தால் முகம் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது.

அந்தம்மா படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கினார். பேனா பாதியில் நின்றது.

“ஆனா அண்ணே, இதுல உங்களுக்கு வயசு முப்பத்தெட்டுன்னுல்ல இருக்கு? இந்த வயசுல இம்புட்டுப் பவர் வராதே. சர்க்கரை, அது இதுன்னு வேற காரணம் இருக்கலாம். காரணம் தெரியாமக் கிட்டத்துப் பார்வை கொறஞ்சிருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதணும், ரிப்போர்ட் வார வரைக்கும் பெஞ்சுல உக்காரக் கூடாதுன்னு உங்க கம்பெனி போட்டிருக்கு.”

வந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. தப்பிக்க ஒரே வழிதான், அந்த வழியில் அவர் இதுவரை யாரையும் அழைத்துப் போனதில்லை. பாஸ்போர்ட் வேறு, தான் வேறு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சொன்னால் பாஸ்போர்ட்டுக்கு ஆபத்து வருமோ? சொல்லாவிட்டால் பெஞ்சு போகும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து, இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

“என்னண்ணே பண்றீக?”

“இப்படித்தான் டாக்டரம்மா எனக்கு வயசு போட்டாக.”

பத்து வயது வரை அவர் ஆடு மேய்த்தார். தம்பிக்கு ஐந்து வயதானதும் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் விடப் போனார். தலைக்கு மேலே கை போட்டுக் காதைத் தொடச் சொன்னார் ஹெட்மாஸ்டர். தம்பிக்குக் காது நுனி எட்டியது. பக்கத்தில் நின்ற அண்ணனையும் தொடச் சொன்னார். அண்ணன் காதைத் தாண்டிக் கன்னத்தையே தொட்டான். ‘நீயும் உள்ள வாடா’ என்றார் அந்தப் புண்ணியவான். பத்து வயதுக்காரனை ஒன்றாம் வகுப்பில் போட்டால் மேலே கேள்வி வரும். எனவே தம்பிக்கு ஒரு தேதி போட்டு, அதற்குச் சரியாகப் பத்து மாதம் முன்னால் அண்ணனுக்கு ஒரு தேதி போட்டார். பெற்றவள் பெயருக்குப் பங்கம் வராமல் பத்து மாதம் விட்டதே பெரிய மனது. அந்தத் தேதி சர்டிபிகேட்டில் ஏறி, சர்டிபிகேட்டிலிருந்து பாஸ்போர்ட்டில் ஏறி, விமானம் ஏறி முசஃபா வரை வந்துவிட்டது.

“நெசத்துல எனக்கு நாப்பத்திமூணு” என்றார் சோலையப்பன். சொன்னதும் உடம்பு லேசானது.

ஃபிர்தௌஸ் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சத்தம் வராமல், தோள் குலுங்க. “அன்னைக்குக் கை எட்டுனதால அஞ்சு வயசு. இன்னைக்குக் கை எட்டாததால நாப்பது தாண்டிருச்சு. கையிலதான்ணே உங்க சாதகமே இருக்கு.”

“பாஸ்போர்ட்டுக்கு ஒண்ணும் வந்துராதே?”

“பாஸ்போர்ட்ல உள்ள தேதிதான் மேல அச்சடிச்சிருக்கு. அதுல நான் கை வைக்கல. அது ஹெட்மாஸ்டர் போட்டது, அப்படியே இருக்கட்டும். கீழ காரணம்னு ஒரு இடம் இருக்கு பாருங்க, அதுதான் என் வேலை. அதுல கண்ணு சொல்றதத்தான் எழுதுவேன்.”

ஆனாலும் ஆள் கறார். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார், விளக்கடித்துக் கண்ணின் பின்பக்கம் வரைக்கும் பார்த்தார். எல்லாம் சுத்தம் என்று தெரிந்த பிறகுதான், வயதால் வந்த சாளேசரம், கண்ணாடியோடு வேலைக்குத் தகுதி என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் கண்ணாடி வந்தது. சோலையப்பன் அதை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ஃபெரூலை எடுத்தார். அறுபத்தாறு. இன்னொன்று. அறுபத்தெட்டு. எறும்புகள் அணிவகுத்து நின்றன. சும்மாவே பத்து ஃபெரூலை எடுத்து வாசித்துவிட்டுக் கீழே போட்டார். ஃபோர்மேன் ஐயப்பன் சீட்டை வாங்கிப் பார்த்து, “அப்போ லீடு நீங்கதான்” என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போனவர், அரைமணி கழித்துத் திரும்பி வந்து, “அண்ணே, அந்தக் கண்ணாடிய ஒரு நிமிசம் குடுங்க” என்றார். சாப்பாட்டு நேரத்துக்குள் அது ஐந்து மூக்குகளில் ஏறி இறங்கிவிட்டது. உடையப்பன் இரண்டு தரம் வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை லீவு. மத்தியானம் சாப்பிட்டு முடித்து, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சோலையப்பன் மீனாம்பாளுக்கு வீடியோவில் போன் போட்டார். கண்ணாடியோடு. மனைவி திட்டப் போகிறாளா சிரிக்கப் போகிறாளா என்று தெரியாமல் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். சாளேசரம் என்றால் சாலீஸ், சாலீஸ் என்றால் நாற்பது என்று விளக்கினார். பிறகு ஒரு தரம் கனைத்துக்கொண்டார்.

“கல்யாணத்தப்ப உங்க அப்பாகிட்ட என் வயச அஞ்சு கொறச்சுத்தான் சொன்னோம், மீனா. எனக்கு இப்ப நாப்பத்திமூணு.”

மீனாம்பாள் அசரவில்லை. “தெரியுமே.”

“தெரியுமா? எப்பத்துல இருந்து?”

“கல்யாணமாகி வந்த வாரமே. கொழுந்தனார இடுப்புலயே தூக்கி வளத்தீகன்னு அத்தை பெருமையாச் சொல்லிக்கிட்டிருந்தாக. பத்து மாசம் மூத்தவன் எப்படித் தம்பிய இடுப்புல தூக்குவான்?”

பதினொரு வருடம். ஒரு வார்த்தை கேட்டதில்லை. இவளுக்கு இவ்வளவு அழுத்தமா என்று சோலையப்பனுக்குக் கோபம் வரப் பார்த்தது, வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. தன்னை உள்ளபடி தெரிந்துகொண்டே ஒருத்தி இத்தனை வருடம் கூட இருந்திருக்கிறாள்.

“ஏண்டி கேக்கல?”

மீனாம்பாள் போனை ஏதோ டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, மடியில் கிடந்த சட்டையையும் ஊசியையும் எடுத்தாள். நூல் கோக்கப் பார்த்தாள். ஊசியைத் தள்ளிப் பிடித்தாள். இன்னும் தள்ளிப் பிடித்தாள். கை முழுசாக நீண்டு திரைக்கு வெளியே போயிற்று.

“வரும்போது அந்த மாதிரிக் கண்ணாடி எனக்கும் ஒண்ணு வாங்கியாங்க” என்றாள்.

சோலையப்பன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். கல்யாணத்தன்று பெண்ணுக்கு இருபத்தைந்து என்று சொல்லியிருந்தார்கள்.

“உனக்கு முப்பத்தாறுதானே, மீனா?”

மீனாம்பாள் ஊசியை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

“அந்தப் பட்டாணி பாய் அளக்குற எண்ணு என்னன்னு சொன்னீக? அதுக்கு மேல ஒண்ணு.”